ஒரே கேம், வேறு வேறு மெஷின்: பழைய வீடியோ கேம் போர்ட்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கேம்களைப் பற்றி நாலு பேர் பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடத்தில் ஒருவர் "நான் ஆடினப்போ இப்படி இல்லையே" என்பார். அவருக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் பிசகியிருக்காது. அவர் ஆடியது வேறு மெஷினில், அவ்வளவுதான். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

போர்ட் என்றால் காப்பி எடுப்பதுதானே? அதில் கேம் எப்படி மாறும்?

காப்பி இல்லை. 1980-களில் போர்ட் என்றால் அதே கேமை இன்னொரு கம்ப்யூட்டருக்காகப் பெரும்பாலும் முதலிலிருந்தே எழுதுவது. அன்றைய கேம்களில் பெரும்பாலானவை அந்தந்த பிராசசரின் அசெம்பிளி மொழியில் எழுதியவை. 6502 பிராசசருக்கு எழுதியது இசட்80 என்ற இன்னொரு பிராசசரில் ஓடாது. ஆர்கேட் கேமை, அதாவது காசு போட்டு ஆடும் பெரிய மெஷினின் கேமை, வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்த பலருக்கு மூல நிரல்கூடக் கைக்கு வராது. ஆர்கேட் மெஷினை ஆடிப் பார்த்து, எதிரி எங்கே திரும்புகிறான், குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கண்ணால் பார்த்தே எழுதினார்கள். ஆகவே பெயர் ஒன்று, படம் ஏறக்குறைய ஒன்று, உள்ளே இருப்பது புதுக் கேம்.

சில டாஸ் கேம்கள் புது கம்ப்யூட்டரில் கண்மண் தெரியாத வேகத்தில் ஓடுவது ஏன்?

டாஸ் என்பது ஐபிஎம் பிசி வகைக் கம்ப்யூட்டர்களின் பழைய இயங்குதளம். முதல் ஐபிஎம் பிசி 1981-இல் வந்தபோது அதன் 8088 பிராசசரின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். எல்லாரிடமும் அதே மெஷின் இருக்கும் என்று நம்பி, பல கேம்களில் "சும்மா இத்தனை தடவை எண்ணு, அப்புறம் அடுத்த அடி வை" என்று எழுதிவிட்டார்கள். வேகமான பிராசசர் அதே எண்ணிக்கையைச் சட்டென்று முடித்துவிடும். எதிரியும் அதே கணக்கில் பாய்ந்து வந்துவிடுவான்.

பழைய கேபினெட்டுகளில் "டர்போ" என்று ஒரு பட்டன் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அழுத்தினால் வேகம் கூடும் என்று நினைத்து ஓயாமல் அழுத்திக்கொண்டிருப்போம். உண்மையில் அதன் பயன் நேர் எதிர். பழைய வேகத்தை நம்பி எழுதிய புரோகிராம்களுக்காக மெஷினை மெதுவாக்கத்தான் அது. நான் கம்ப்யூட்டர் கிளாஸ் போன காலத்தில் ஒரு கார் கேமைத் திறந்த அரை நொடியில் கார் நொறுங்கிக் கிடக்கும். எனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சார் உட்பட எல்லாரும் சொன்னார்கள். பல வருஷம் நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடுவது வேண்டுமென்றே வைத்ததா?

முதலில் இல்லை. போர்ட்களைப் பற்றி யாருக்காவது ஒரே ஒரு உதாரணம் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

1978-இல் டைட்டோ கம்பெனிக்காக டொமோஹிரோ நிஷிகாடோ செய்த ஆர்கேட் கேம் அது. உள்ளே இன்டெல் 8080 பிராசசர். திரையில் 5 வரிசை, வரிசைக்கு 11 என 55 எதிரிகள். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் நகர்த்தி வரைய அந்த மெஷினால் முடியாது. அதனால் ஒரு பிரேமுக்கு, அதாவது திரை ஒருமுறை புதுப்பிக்கப்படுவதற்கு, ஒரு எதிரி மட்டும் நகரும். நொடிக்கு 60 பிரேம். அப்படியென்றால் 55 பேரும் ஒரு அடி எடுத்து வைக்கக் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகிறது. பாதிப் பேரைச் சுட்டுவிட்டால் அதே அடிக்கு அரை நொடி போதும். கடைசியாக ஒருவன் மட்டும் மிஞ்சினால் ஒவ்வொரு பிரேமும் அவன் முறைதான். திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பேய் பிடித்த மாதிரி ஓடுவான்.

அடுத்த தடவை ஆடும்போது அலை அலையாக அவர்கள் நகர்வதைக் கவனியுங்கள். கீழ் மூலையில் இருப்பவன் முதலில் அசைவான், பிறகு பக்கத்தில் இருப்பவன், இப்படியே வரிசை வரிசையாக மேலே போகும். தானியக் கதிரில் காற்று ஓடுவது போல இருக்கும். மெஷினின் இயலாமை இப்படி வெளியே தெரிய, அதுவே பதற்றத்தைக் கூட்டுகிறது என்று பார்த்த நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டுவிட்டார்.

இப்போது இதை வேகமான கம்ப்யூட்டருக்குப் போர்ட் செய்யுங்கள். 55 பேரையும் ஒரே பிரேமில் வரைந்துவிடலாம். வரைந்தால் அலை போய்விடும், வேகம் கூடுவதும் போய்விடும். போர்ட் செய்பவர் அந்த வேகத்தைத் தனியாகக் கணக்குப் போட்டு உள்ளே வைக்க வேண்டும். அந்தக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் "இது அது இல்லை" என்று கை சொல்லிவிடும். அட்டாரி 2600 என்ற வீட்டு டிவி கேம் மெஷினுக்கு 1980-இல் வந்த போர்ட்டில் எதிரிகளே 36 பேர்தான். கேம் என்னவோ அருமையான கேம்தான், ஆனால் ஆர்கேடில் பழகிய கைக்கு அதன் தாளம் ஒட்டாது.

அட்டாரி 2600-இன் பேக்-மேனை ஏன் எல்லாரும் திட்டுகிறார்கள்?

திட்டுவதில் பாதி நியாயம் இருக்கிறது. 1982-இல் வந்த அந்த போர்ட்டை டாட் ஃப்ரை 4 கிலோபைட் கேசட்டுக்குள் எழுதினார். மெஷினின் நினைவகம் 128 பைட். கிலோபைட் இல்லை, வெறும் பைட். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தப் பத்தியே அதில் அடங்காது. இரண்டு ஆட்டக்காரர் உருவங்களை வரைவதற்கென்றே செய்த வன்பொருள் அது. அதில் பேக்-மேனையும் நான்கு பேய்களையும் காட்ட வேண்டியிருந்ததால் ஒவ்வொரு பேயையும் நான்கு பிரேமுக்கு ஒருமுறைதான் வரைந்தார். அதனால்தான் அவை மினுக் மினுக்கென்று இருந்தன.

என்னைக் கேட்டால் மினுக்கம் பெரிய குறை இல்லை. 1980-இல் வந்த ஆர்கேட் பேக்-மேனில் பேய்கள் கண்டபடி திரியவில்லை. நீங்கள் ஒரே வழியில் ஒரே நேரத்தில் போனால் அவையும் அதே மாதிரிதான் துரத்தும். அதனால் ஆட்டக்காரர்கள் பாதைகளை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். வீட்டு மெஷினில் பாதையும் வேறு, பேய்களின் புத்தியும் வேறு. மனப்பாடம் செய்தது ஒன்றுக்கும் உதவவில்லை. கோபம் அங்கேதான்.

நம் ஊர் டிவி கேமில் ஆடிய கான்ட்ராவும் அமெரிக்கர்கள் ஆடியதும் ஒன்றுதானா?

இல்லை, நாம் மெதுவாக ஆடினோம்.

நம் ஊர் டிவி பால் (PAL) முறை, நொடிக்கு 50 தடவை திரை புதுப்பிக்கும். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி, நொடிக்கு 60. நின்டெண்டோவின் ஃபேமிகாம், அதன் வெளிநாட்டுப் பதிப்பான என்.இ.எஸ் மெஷின்களின் கேம்கள் "ஒரு பிரேமுக்கு இவ்வளவு நகரு" என்று எழுதியவை. நொடிக்கு 50 பிரேம்தான் என்றால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். அங்கே 3 நிமிடத்தில் முடிகிற ஒரு கட்டம் இங்கே 3 நிமிடம் 36 நொடி. குண்டும் மெதுவாக வரும், குதிப்பும் காற்றில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். நாம் இதை மெதுவென்று நினைத்ததே இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இல்லாததால்.

பாட்டு விஷயம் இன்னும் சுவாரசியம். ஐரோப்பாவில் விற்ற என்.இ.எஸ்-இல் பிராசசரும் மெதுவானது, 1.79-க்குப் பதில் 1.66 மெகாஹெர்ட்ஸ். மாற்றி எழுதாத கேம்களில் சுருதியும் அரை ஸ்வரத்துக்கு மேல் இறங்கிவிடும். பால் டிவிக்காகச் செய்த குளோன் மெஷின்கள், அதாவது நம் ஊர் டிவி கேம் போன்ற நகல்கள், பலவற்றில் பிராசசரை அசல் வேகத்துக்குப் பக்கத்திலேயே, 1.77-இல் வைத்துவிட்டார்கள். அதனால் அவற்றில் சுருதி சரியாக நிற்கும், தாளம் மட்டும் இழுக்கும். கான்ட்ராவின் முதல் கட்டப் பாட்டை இணையத்தில் கேட்கும்போது "ஏன் இவ்வளவு அவசரம்?" என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

கேசட் விஷயத்திலும் வேறுபாடு உண்டு. ஜப்பானின் ஃபேமிகாம் கான்ட்ராவில் ஒரு கூடுதல் சிப் இருந்தது. முதல் கட்டத்தில் தென்னை மாதிரியான மரங்கள் ஆடும், பனிக் கட்டத்தில் பனி கொட்டும், கட்டங்களுக்கு நடுவே வரைபடம் வரும். 1988-இல் வந்த அமெரிக்கக் கேசட்டில் இவை இல்லை, மரம் மரமாக நிற்கும். ஐரோப்பாவுக்குப் போனபோது ஆட்களை எடுத்துவிட்டு ரோபோக்களைப் போட்டு "ப்ரோபோடெக்டர்" என்று பெயரையும் மாற்றினார்கள். 1987-இல் வந்த ஆர்கேட் கான்ட்ராவோ நெட்டுக்குத்தான திரையில் ஓடுவது, தூரத்தில் என்ன வருகிறது என்று தெரியாது. வீட்டுப் பதிப்பு மூலத்தை மிஞ்சிய அபூர்வமான கேம்களில் இதுவும் ஒன்று என்பது என் கட்சி.

ஸ்பெக்ட்ரம் நல்லதா, கமோடோர் 64 நல்லதா?

பிரிட்டனில் இந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடங்களில் சட்டை கிழிந்திருக்கும். இரண்டும் 1982-இல் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள். எந்தக் கேம் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமின் திரை 256-க்கு 192 பிக்சல். ஆனால் நிறத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் தர முடியாது. திரையை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறம். மொத்தத் திரையும் 6,912 பைட்டில் அடங்கிவிடும், விலையும் குறையும். இதற்குக் கொடுத்த விலை வேறு. மஞ்சள் நிற ஆள் ஒருவன் பச்சைச் செடிக்குப் பக்கத்தில் போகிறான் என்று வையுங்கள். அவன் கால் செடியின் கட்டத்துக்குள் நுழைந்த கணமே ஒன்று செடி மஞ்சளாகும், இல்லை அவன் முழங்கால் பச்சையாகும். ஈரத் துணியில் சாயம் ஏறுவது மாதிரி நிறம் கட்டம் கட்டமாக ஒட்டிக்கொண்டே வரும்.

அதைத் தவிர்க்க ஸ்பெக்ட்ரம்காரர்கள் ஆடுகளத்தையே ஒரே நிறத்தில் வரைந்தார்கள். 1984-இல் வந்த நைட் லோர் அப்படித்தான். ஒரு அறைக்கு ஒரு நிறம், சாய்கோணத்தில் முப்பரிமாண அறைகள், துல்லியமான கோடுகள். அறையில் பொருட்கள் அதிகமானால் கேம் திணறி மெதுவாகும், ஆட்டக்காரர்கள் அந்தத் திணறலையும் சேர்த்தே பழகிக்கொண்டார்கள்.

கமோடோர் 64 எதிர்ப்பக்கம். எட்டு ஸ்ப்ரைட், அதாவது பின்னணியைத் தொடாமல் தானாக மிதக்கும் உருவங்கள், வன்பொருளிலேயே உண்டு. திரையைப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகவும் சிப் உதவும். ஓடிக்கொண்டே சுடும் கேம் என்றால் அதுதான் ராஜா. ஆனால் பல நிற முறையில் பிக்சல் அகலமாகிவிடும், குறுக்கே 160 மட்டுமே. பிராசசரும் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ்தான். கணக்குப் போட்டுக் கோடு வரைய வேண்டிய கேம்களில் 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80-ஐ வைத்திருந்த ஸ்பெக்ட்ரம் முந்திக்கொள்ளும்.

இன்னொரு வீட்டுக் கம்ப்யூட்டரான ஆம்ஸ்ட்ராட் சிபிசி பாவம், நடுவில் மாட்டியது. நிறம் நன்றாக இருக்கும், ஆனால் திரைக்கே 16 கிலோபைட், ஸ்பெக்ட்ரமைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அதே இசட்80 குடும்பம் என்பதால் பல கம்பெனிகள் ஸ்பெக்ட்ரம் நிரலை அப்படியே தூக்கிவந்து, நிறத்தைக்கூட மாற்றாமல் விற்றன. சிபிசி வைத்திருந்தவர்களிடம் இதைப் பற்றிப் பேசிப் பாருங்கள், இன்றைக்கும் ஆறவில்லை.

ஒரே பிராசசர் என்றால் கேமும் ஒரே மாதிரி இருக்குமா?

அமிகாவும் அட்டாரி எஸ்டியும் 1985-இல் வந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள், இரண்டிலும் மோட்டோரோலா 68000 பிராசசர். அமிகாவில் படத்தை நகர்த்தவும் ஒலிக்கவும் தனிச் சிப்கள் இருந்தன. எஸ்டியில் எல்லாம் பிராசசரின் தலையில். ஆனால் எஸ்டி 8 மெகாஹெர்ட்ஸ், அமிகா 7-க்குச் சற்று மேல். விளைவு: தனிச் சிப்களைப் பயன்படுத்திய கேம் அமிகாவில் பறக்கும், வெறும் கணக்கு வேலையான முப்பரிமாண கேம் எஸ்டியில் மயிரிழை வேகமாக ஓடும். எஸ்டிக்கு எழுதிவிட்டு அமிகாவுக்கு அப்படியே மாற்றிக் கொடுத்த கேம்களும் ஏராளம். அவற்றில் அமிகாவின் சிப்கள் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

எலைட் என்ற விண்வெளிக் கேம் இன்னொரு உதாரணம். இயன் பெல்லும் டேவிட் ப்ரேபனும் 1984-இல் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டருக்கு எழுதியது, அதன் 6502 பிராசசர் 2 மெகாஹெர்ட்ஸ். அதே குடும்பத்துப் பிராசசர் கொண்ட கமோடோரில் பாதி வேகம். கோடுகளால் ஆன கப்பல்கள் அங்கே சற்றே இழுத்து இழுத்துத் திரும்பும். பதிலுக்கு நினைவகம் அதிகம் என்பதால், பிபிசியில் இல்லாத புது விஷயங்கள் கமோடோருக்குக் கிடைத்தன.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா டாஸ் கேம்தானே?

நமக்கு அப்படித்தான் அறிமுகம். ஆனால் ஜோர்டன் மெக்னர் அதை ஆப்பிள் II-க்கு எழுதினார், 1989-இல் வந்தது. தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டு வீடியோ எடுத்து, ஒவ்வொரு பிரேமாகப் பார்த்து வரைந்த அசைவுகள். டாஸுக்கு வந்தது 1990-இல்.

அந்த அசைவுகளே நினைவகத்தை விழுங்கிவிட்டன. எதிரிக்கென்று தனி உருவம் வரைய இடம் இல்லை. கடைசியில் இளவரசனின் படங்களையே எடுத்து, ஒரு பிட் நகர்த்தி, அதன்மேலேயே எக்ஸ்ஆர் (XOR) என்ற பிட் கணக்கைப் போட்டார். நினைவகம் கூடுதலாகச் செலவாகாமல், மின்னும் ஒரு நிழல் மனிதன் பிறந்தான். 4-ஆம் கட்டத்தில் கண்ணாடிக்குள் பாய்ந்ததும் உங்களிலிருந்து பிரிந்து போகிறானே, அவன்தான். 5-இல் உங்கள் மருந்தை வந்து குடித்துவிடுவான். 12-இல் அவனோடு சண்டை போட்டால் இருவருக்கும் உயிர் குறையும், வாளை உறைக்குள் போட்டுவிட்டுப் போய் ஒன்றுசேர வேண்டும். டாஸ் மெஷினில் நினைவகம் தாராளமாக இருந்தது, தனி வில்லனை வரைந்திருக்கலாம். யாருக்கும் அதைத் தொட மனம் வரவில்லை. கதையில் பாதி அவன்தானே.

சூப்பர் நின்டெண்டோவுக்கு 1992-இல் வந்தது கிட்டத்தட்ட வேறு கேம். ஆப்பிளிலும் டாஸிலும் 60 நிமிடம், 12 கட்டம். அங்கே 120 நிமிடம், 20 கட்டம். வெறுந்தலையோடு ஓடிய இளவரசனுக்குத் தலைப்பாகையும் வந்துவிட்டது. பழைய பதிப்பின் பாதி அழகே கடிகாரம் கழுத்தை நெரிப்பதுதான். அந்த நெரிப்பு இதில் தளர்ந்துவிட்டது, எனக்குப் பிடிக்கவில்லை.

டேஞ்சரஸ் டேவில் திரை ஏன் மரியோ மாதிரி வழுக்கிக்கொண்டு நகரவில்லை?

ஜான் ரொமேரோ 1988-இல் அதையும் ஆப்பிள் II-க்குத்தான் எழுதினார். நம் ஊர் கம்ப்யூட்டர் கிளாஸ்களில் சுற்றியது பின்னால் வந்த டாஸ் பதிப்பு. டேவ் ஓரத்துக்குப் போனால் கேம் ஒரு கணம் நின்று, திரை மொத்தமாகத் தள்ளிப் போகும். ஃபேமிகாமில் திரையை நகர்த்துவது சிப்பின் வேலை. பிசியில் அப்படிக் கேமுக்கென்று செய்த வசதி இல்லை, முழுத் திரையையும் பிராசசரே திரும்ப வரைய வேண்டும்.

1990-இல் ரொமேரோவோடு வேலை பார்த்த ஜான் கார்மாக் ஒரு வழி கண்டார். திரையின் அடுத்தடுத்த சதுரங்களில் ஒரே படம் இருந்தால் அதைத் தொடாதே, மாறியதை மட்டும் வரை. அதைக் காட்ட அவரும் டாம் ஹாலும் ஒரே ராத்திரியில் மரியோவின் மூன்றாவது கேமின் முதல் கட்டத்தைப் பிசியில் செய்து, மரியோ இடத்தில் டேவை ஓடவிட்டார்கள். பிறகு நின்டெண்டோவிடம் பிசி போர்ட்டுக்கு அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. அந்த நுட்பம் அதே வருஷம் கமாண்டர் கீன் என்ற கேமில் வெளிவந்தது.

டெட்ரிஸில் என்ன மாறிவிடப் போகிறது? விழுகிற கட்டைதானே?

அதில்தான் அதிகம் மாறும். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய முதல் பதிப்பு எலெக்ட்ரோனிகா 60 என்ற மெஷினில். அதில் படம் வரையவே வசதி இல்லை, கட்டைகள் எழுத்துக் குறிகளால் ஆனவை. வதீம் கெராசிமோவ் என்ற பதின்வயது மாணவர் ஐபிஎம் பிசிக்கு மாற்றியபோதுதான் நிறம் வந்தது. கேம்பாயில் திரை சிறியது என்பதால் 20 வரிசை 18 ஆனது. இரண்டு வரிசைதானே என்று தோன்றும், ஆபத்து நேரத்தில் அந்த இரண்டு வரிசைதான் உயிர்.

1989-இன் என்.இ.எஸ் பதிப்பில் 29-ஆம் நிலைக்குப் போனால் கட்டை ஒரு பிரேமுக்கு ஒரு கட்டம் விழும். விசையை அழுத்திப் பிடித்தால் கட்டை நகரும் வேகம் அதற்கு ஈடுகொடுக்காது. அதுதான் முடிவு என்று பல வருஷம் நம்பினார்கள். பிறகு விசையைத் தட்டும் புதுப் புது முறைகள் வந்தன. 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் நிலை வரை போய் கேமையே உறைய வைத்தான். இதெல்லாம் 60 பிரேம் பதிப்பில். ஐரோப்பாவின் 50 பிரேம் பதிப்பில் கணக்கை மாற்றி எழுதியிருந்தார்கள், பிரேமுக்கு ஒரு கட்டம் என்ற வேகம் 19-ஆம் நிலையிலேயே வந்துவிடும். ஆகவே இரண்டு பதிப்பின் ஸ்கோரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

எமுலேட்டரில் ஆடினால் அசல் மாதிரியே இருக்குமா?

எமுலேட்டர் என்பது பழைய மெஷின் மாதிரி நடந்துகொள்ளும் புரோகிராம். கேமின் நிரல் அசல்தான். சுற்றி இருப்பது அசல் இல்லை. பழைய குழாய் டிவியில் விசையை அழுத்தியதும் அடுத்த பிரேமிலேயே தெரியும். இப்போதைய டிவி படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும், அதில் சில பிரேம் தாமதம். டிவியில் "கேம் மோட்" இருந்தால் போடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். துப்பாக்கியால் வாத்து சுடுவது மட்டும் நடக்காது. அந்தத் துப்பாக்கி குழாய்த் திரையின் ஒளி வரும் நேரத்தை நம்பியது.

படமும் மாறும். சேகாவின் மெகா டிரைவ் மெஷினில் வந்த சோனிக் கேமில் அருவியை ஒன்றுவிட்டு ஒன்று கோடுகளாக வரைந்திருப்பார்கள். பழைய டிவியின் மங்கலில் அவை கலந்து கண்ணாடி போன்ற தண்ணீராகத் தெரியும். துல்லியமான திரையில் வெறும் கம்பி.

டாஸ் கேம்களுக்கான எமுலேட்டரான டாஸ்பாக்ஸில் கேம் பாய்ந்தால் கன்ட்ரோல் விசையோடு எஃப்11-ஐத் தட்டுங்கள், வேகம் குறையும். எஃப்12 தட்டினால் கூடும். என் பழைய கார் கேமை அப்படி அடக்கி, முப்பது வருஷம் கழித்து முதல் வளைவைத் தாண்டினேன். இரண்டாவது வளைவில் நொறுங்கியது. இந்தத் தடவை தப்பு என்னுடையது.

சரி, கான்ட்ராவை 50-இல் ஆடவா, 60-இல் ஆடவா?

செய்தவர்கள் நினைத்தது 60. நான் 50-இல்தான் ஆடுகிறேன். 60-இல் மூன்றாவது கட்டத்து அருவியைத் தாண்டுவதற்குள் என் உயிர் மூன்றும் போய்விடுகிறது.